சுவீடன் டெஸ்ட் பண்ண தண்ணி

1

இந்த நாட்டில் எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு படிவம் வரும். வீடு மாறினால் படிவம். பிள்ளைக்குச் சளி பிடித்து வேலைக்குப் போகாமல் இருந்தால் படிவம். செத்துப்போனால் அதற்கும் ஒன்று உண்டு. நல்லவேளையாக அதை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள். நான் சுவீடனுக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது. வந்த நாளை இங்கே யாரும் கொண்டாடுவதில்லை, நானும் கொண்டாடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் சரியாக அந்த வாரத்தில்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மதிப்பீட்டுப் படிவம் வந்து சேரும். அது வந்தால் இன்னொரு வருடம் கழிந்தது என்று தெரிந்துகொள்வேன்.

நான் செய்வது வேதி உணரிகள். சென்சார் என்றால் ஊரில் சட்டென்று புரியும். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துச் சர்க்கரை பார்க்கிறீர்களே, அந்தச் சின்னப் பட்டை ஓர் உயிர் உணரி. எங்கள் ஊர்ப் பக்கத்து எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிக்காரரை ஊதச் சொல்லும் கருவி அதற்கு ஒன்றுவிட்ட உறவு. தொழிற்சாலையில் வாயு கசிந்தால் அலறுகிற பெட்டியும் அந்த வகையறாதான். என்னுடைய பட்டை தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும். ஒரு சொட்டு வைத்து, கைக்குள் அடங்கும் கருவியில் செருகினால் இரண்டு நிமிடத்தில் பதில் வரும்.

இந்த வருடப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். ‘இந்த ஆராய்ச்சியால் தேசத்துக்கு விளையும் நன்மைகள்.’ இருநூறு சொற்களுக்கு மேல் போகக் கூடாதாம்.

என் மகன் கபிலனுக்குப் பதினான்கு வயது. தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுச் சுவீடிஷில் கேட்டான், “எந்த தேசத்துக்கு?” நான் தமிழில் பேசுவேன், அவன் சுவீடிஷில் பதில் சொல்லுவான், இப்படியே பல வருடமாக ஓடுகிறது. முன்பெல்லாம் “நம்ம ஊர்” என்பான். இப்போது “உன் ஊர்” என்கிறான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

“பணம் தருகிற தேசத்துக்கு” என்றேன்.

“அப்போ ஈஸி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

2

அது அப்படியொன்றும் ஈஸியாக இல்லை. எங்கள் குழுத் தலைவர் இங்ரிட் நல்ல மனுஷி. ஆனால் எந்தக் காகிதத்தையும் அழகாக்கிப் பார்க்க ஆசைப்படுவார். “நீ உன் ஊரிலிருந்து எடுத்து வந்த அளவீடுகளைச் சேர்த்துவிடு. நம் கண்டுபிடிப்பு உலகத்துக்கே பயன்படுகிறது என்று தெரியட்டும்” என்றார்.

அவர் சொன்ன அளவீடுகளின் கதை இது. போன டிசம்பரில் பதினெட்டு நாள் விடுப்பில் கபிலனோடு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு சென்னைக்கு வடக்கே, கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய ஊர் இல்லை. எங்கள் தெருவில் பதினோரு வீடு. நிலம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதில் ஒரு போகம் நெல் போடுகிறார்கள். மற்றபடி எல்லோருக்கும் வேலை கம்பெனிகளில்தான். தம்பி சேகர் ஓர் உருக்காலையில் எலக்ட்ரீஷியன். அவன் மனைவி வளர்மதி ஆரணிப் பக்கத்துப் பெண். அவர்கள் மகள் யாழினிக்கு மூன்று வயது.

சேகர் இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் ஆழமாக போர் போட்டிருந்தான். தெருவே அதில்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. குளிக்க, துவைக்க மட்டும். குடிக்க வளர்மதி தினமும் ஸ்கூட்டியில் இரண்டு கேனை மாட்டிக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துக் குழாய்க்குப் போய் வருவாள். மற்ற வீட்டுப் பெண்களும் அப்படித்தான் போனார்கள்.

“மோட்டரப் போட்டா தண்ணி கொட்டுது. இவ ஸ்கூட்டில போய் எட்துக்கினு வர்றா” என்று சேகர் என்னிடம் குறை சொன்னான்.

“எனக்கு இந்தத் தண்ணி புடிக்கலக்கா, அவ்ளோதான்” என்றாள் வளர்மதி. அவள் அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

என் பெட்டியில் நாற்பது பட்டைகள் இருந்தன. தங்கத்தைக் கொண்டுபோவதுபோல் துணிக்குள் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு காலையில் போர்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தேன். கருவி ‘கண்டறியப்படவில்லை’ என்றது. மறுநாள் மறுபடி பார்த்தேன். மறுபடி அதே பதில். சேகர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஈயம் இல்லடா” என்றேன்.

கண்டறியப்படவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு முழுப் படிப்பே இருக்கிறது. அந்தப் படிப்பைத்தான் நான் படித்தேன். தம்பியின் முன்னால் நிற்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சேகர் கேட்டுக்கு அடித்து மீந்திருந்த நீலப் பெயிண்டை எடுத்து மோட்டார் ரூம் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினான்: ‘சுவீடன் டெஸ்ட் பண்ண தண்ணி’. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து பதினோரு வீட்டுக் குடிதண்ணீர்க் குடங்களும் அங்கே வந்தன. ஸ்கூட்டி கேன்கள் மாடிப்படிக்கு அடியில் போயின.

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்? பத்தொன்பது வருடத்தில் என் வேலையால் என் தெருவுக்கு ஏதோ நடந்தது அதுதான் முதல் தடவை.

3

இங்ரிட் சொன்னபடி படிவத்துக்காக அந்த அளவீடுகளைத் திறந்தேன். அதுவரை கருவியின் திரையில் வந்த பதிலை மட்டும்தான் பார்த்திருந்தேன். அடியில் இருக்கும் வரைகோட்டைப் பார்க்கவில்லை. ஊரில் அதற்கு எங்கே நேரம்? ஒரு கல்யாணம், இரண்டு கோயில், பாங்க்கில் கேஒய்சி என்று பதினெட்டு நாளும் போய்விட்டது.

தண்ணீரில் ஈயம் இருந்தால் வரைகோட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மேடு எழும்பும். எங்கள் மென்பொருள் அந்த இடத்தை மட்டும்தான் பார்க்கும். மேடு இருந்தால் அளவு சொல்லும், இல்லாவிட்டால் கண்டறியப்படவில்லை என்று சொல்லும். என் ஊர்த் தண்ணீரின் வரைகோட்டில் மேடு இருந்தது. மென்பொருள் பார்க்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தது.

ஏன் தள்ளி நின்றது என்பது எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. பட்டையில் ஒரு வெள்ளிக் கோடு உண்டு. அது மைல்கல் மாதிரி. மற்றதெல்லாம் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் கணக்கு. தண்ணீரில் உப்பு அதிகமானால் அந்த மைல்கல்லே நகர்ந்துவிடும். நாங்கள் பட்டையைச் சரிபார்த்தது இங்கே ஏரித் தண்ணீரில். அதில் உப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. எங்கள் ஊரோ கடலுக்குப் பக்கம். பதினெட்டு நாளும் அந்தத் தண்ணீரில் குளித்தேன். சோப்பு நுரைக்கவில்லை, தலைமுடி கயிறாகிவிட்டது. அதைப் பற்றி வளர்மதியிடம் புலம்பிக்கூட இருக்கிறேன். வேதியியல் படித்த எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

எவ்வளவு ஈயம் என்று அந்தக் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்று சொல்லலாம். நாற்காலியை விட்டு எழுந்து காபி இயந்திரம் வரை போனேன். காபி எடுக்காமல் திரும்பி வந்தேன். நாலு மாதம் ஆகியிருந்தது. யாழினிக்கு மூன்று வயது. ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் கெடுக்கும் என்று என் கட்டுரைகள் ஒவ்வொன்றின் முதல் வரியிலும் எழுதியிருக்கிறேன்.

4

படிவத்தின் அந்தக் கட்டத்துக்கு ஒரு பதில் அப்போதுதான் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உணரி ஆராய்ச்சியால் தேசத்துக்கு நன்மை என்று எல்லா நாட்டு அறிக்கைகளிலும் ஒரே பட்டியல்தான் வரும். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், பாலில் கலப்படத்தைப் பிடிக்கலாம், ஏற்றுமதிக் காய்கறி பூச்சிமருந்து இருக்கிறது என்று திரும்பி வராமல் பார்க்கலாம், எல்லையில் வெடிமருந்தை மோப்பம் பிடிக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் கருவியை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டாலும் இந்த நன்மை கிடைத்துவிடுமே, எதற்கு ஒரு நாடு தானே உட்கார்ந்து ஆராய வேண்டும் என்று யாராவது கேட்டால் முன்பு எனக்குப் பதில் தெரியாது.

இப்போது தெரியும். ஒவ்வொரு ஊர்த் தண்ணீரும் கருவியை ஒவ்வொரு விதமாக ஏமாற்றும். எங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி ஏமாற்றும் என்று எங்கள் ஊர்த் தண்ணீரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். திருவள்ளூரிலோ சென்னையிலோ ஓர் ஆய்வுக்கூடத்தில் யாராவது ஒரு பெண் இந்த வேலையைச் செய்திருந்தால், முதல் நாளே உப்பைக் கவனித்திருப்பாள். காலையில் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தானே வேலைக்கு வந்திருப்பாள்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தேன். அங்கே மதியம்.

“இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா? கபிலன் இன்னா பண்றான்?” என்றான் சேகர்.

சொன்னேன். மைல்கல், உப்பு, ஏரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “நான் சொன்னது தப்பு. அந்தத் தண்ணீரில் ஈயம் இருக்கு, குடிக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன்.

 

“அப்போ நாலு மாசமா குடிச்சிக்கினு இருந்தது?”

“அதுக்கு நான்தான்டா காரணம்.”

“பதினோரு ஊட்டுக்கும் நான்தானேக்கா சொன்னேன். செவுத்துல வேற எழுதி வெச்சிக்கிறேன். என்னாண்டதானே வந்து கேப்பாங்க?” என்றான் சேகர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனை வளர்மதி வாங்கினாள். “இவரு போய் சொன்னா சண்டைக்கி வருவாங்கக்கா. நீங்க சொல்லித்தானே குடிச்சாங்க, நீங்களே சொல்லிடுங்க. நான் போன எட்துக்கினு போறேன்.”

அவள் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் சாவானாலும் சேதியை வீடு வீடாக ஏறித்தான் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் போட்டால் சொன்னதாகவே கணக்கில்லை. வீடியோவைப் போட்டுக்கொண்டு வளர்மதி படி இறங்கினாள். திரையில் தெரு ஆடிக்கொண்டே வந்தது. நான் இங்கே சமையலறை மேசையில் உட்கார்ந்து, வாசல் வாசலாக ஏறி இறங்கினேன்.

முதல் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். எழுந்து வந்து கேட்டுவிட்டு, “சரிம்மா, இனிமே குடிக்கல” என்று திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாவது வீட்டு அம்மாவுக்கு ஈயம் என்றதும் சிரிப்பு. “ஈயந்தானே? நாங்க ஈயச் சொம்புலதான் ரசமே வெக்கிறோம். அது ஒடம்புக்கு நல்லதாச்சே!” ரசச் சொம்பில் இருப்பது வெள்ளீயம், அது வேறு, தண்ணீரில் இருப்பது காரீயம், அது விஷம் என்று விளக்கினேன். அந்த வீட்டைத் தாண்டவே கால் மணி நேரம் ஆனது.

ஆறாவது வீட்டில் ஒருவர் கத்தினார்.  அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

கடைசி வீடு சுப்பம்மாவுடையது. ஆந்திரப் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தவர், நான் பிறப்பதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டார். போனைக் கையில் வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். திரை முழுக்க ஒரு கண் மட்டும் தெரிந்தது.

“நல்லா கீதுன்னு சொன்னதும் நீதானே?”

“ஆமா.”

“இப்ப நல்லால்லன்றதும் நீதானே?”

“ஆமா.”

“இன்னாம்மா இது, பேஜாரா போச்சு. எத நம்புறது?”

“இப்ப சொல்றத நம்புங்க.”

“இதையாவது சரியா பாத்துச் சொல்றியா?” என்றார்.

6

என் பேச்சு போதாது, அரசாங்கப் பரிசோதனை வேண்டும் என்று சேகர் திருவள்ளூருக்குப் போனான். என் வரைகோட்டை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தான். அங்கிருந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெளிநாட்டு ரிப்போர்ட்லாம் இங்க செல்லாது சார்” என்றாராம். அவர் சொன்னதும் சரிதான். வெளிநாட்டு ரிப்போர்ட்டை நம்பியதால்தானே இவ்வளவும். பஞ்சாயத்துக் கடிதம் வேண்டும், மாதிரி அவர்கள் கொடுக்கும் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், அந்தப் பாட்டில் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். இப்படி மூன்று நடை நடந்தான். முடிவு வந்தது: குடிக்க ஏற்றதல்ல. காரணம் எந்தக் கம்பெனி, அல்லது கம்பெனியேதானா, பூமிக்கு அடியில் வேறு ஏதாவதா என்று இதுவரை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்.

தெருவில் அந்தத் தண்ணீரைக் குடித்த, ஐந்து வயதுக்குக் கீழே இருந்த நாலு பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். இருவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. இருவரை மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இருவரின் பெயரையும் என் மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். யாழினி அந்த நால்வரில் இல்லை.

போர்த் தண்ணீர் இங்கே எனக்கும் தேவைப்பட்டது. பட்டையை உப்புத் தண்ணீருக்குப் பழக்க வேண்டுமே. வளர்மதி ஆறு பாட்டிலில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி அனுப்பினாள். இங்கே சுங்கத்தில் பிடித்துவைத்து, உள்ளே என்ன என்று கடிதம் போட்டார்கள். ‘தண்ணீர்’ என்று எழுதினேன். ஏரிகள் நிறைந்த நாட்டுக்கு எதற்காகத் தண்ணீர் வரவழைக்கிறீர்கள் என்று விளக்கம் கேட்டு இன்னொரு படிவம் வந்தது.

7

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் ஒன்றை மேலே எழுதாமல் விட்டேன். எழுதக் கூச்சமாக இருந்தது.

சுப்பம்மா வீட்டிலிருந்து வளர்மதி திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அதுவரை எல்லோர் பிள்ளைகளைப் பற்றியும் கேட்ட நான், ஒருத்தியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. மோட்டார் ரூம் அருகே வளர்மதி நின்றாள். நீல எழுத்தைச் சேகர் செங்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தான். ‘சுவீடன்’ போயிருந்தது, ‘தண்ணி’ மிச்சமிருந்தது.

“வளர், பாப்பா...” என்றேன்.

“பாப்பாக்கு அந்தத் தண்ணிய நான் குடுக்கவேல்லக்கா. நானும் குடிக்கல. சின்ன கேன காய்கறிப் பையில வெச்சி, ஸ்டேஷனாண்ட போய்ப் புடிச்சாந்துக்கினுதான் இருந்தேன். இவருக்கே தெரியாது.”

“ஏன்?”



“நீங்க இங்க பதினெட்டு நாளு இருந்தீங்க. ஏர்போர்ட்லர்ந்து வர்றப்பவே கேஸ் கேஸா பாட்டில் தண்ணி வாங்கியாந்தீங்க. கபிலன் பல்லு வெளக்கக்கூட அதான். உங்க டீக்கும் அதான் ஊத்தச் சொன்னீங்க. டெஸ்ட் பண்ணி நல்லா கீதுன்னு சொன்னீங்களே, அன்னிக்கிச் சாயந்தரமும் நீங்க பாட்டிலத்தான் தொறந்தீங்க. நீங்க சொன்னத எல்லாரும் கேட்டாங்கக்கா. நான் நீங்க குடிச்சதப் பாத்துக்கினு இருந்தேன்.”

அதற்கு முந்தின தடவை ஊருக்குப் போனபோது கபிலனுக்கு வயிற்றுப்போக்கு கண்டு டிரிப்ஸ் ஏற்றும்படி ஆனது. அதிலிருந்து பாட்டில் வாங்குவது பழகிப்போயிருந்தது. மற்றபடி யோசித்துச் செய்ததில்லை. யோசிக்கவே இல்லை என்பதுதான் குற்றம். என் நாற்பது பட்டையும் பிடிக்காத ஒன்றை, அடுப்படியில் நின்றபடி அவள் பிடித்திருக்கிறாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, வளர்.”

“இவராண்ட சொன்னேன். ‘அவங்க அதுக்கே படிச்சவங்க, உனக்கு இன்னா தெரியும்’னாரு. அப்புறம் யாராண்ட சொல்றது?”

எனக்கு வெட்கமாக இருந்தது. யாழினி தப்பித்தாள் என்ற நிம்மதியில் அழுதும்விட்டேன். அந்த நிம்மதிக்குள், மற்ற பிள்ளைகளுக்காக ஆறாவது வீட்டு வாசலில் அழாத நான் இப்போது அழுகிறேனே என்ற இன்னொரு வெட்கமும் இருந்தது. கபிலன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். குழாய்த் தண்ணீர். இங்கே அதை யாரும் சோதித்துக் குடிப்பதில்லை.

படிவத்தின் அந்தக் கட்டத்தில் இங்கே மேலே நாலாம் பகுதியில் சொன்னதைச் சுருக்கி எழுதினேன். கூட உழைத்தவர்கள் என்ற இடத்தில் வளர்மதியின் பெயரைச் சேர்த்தேன். இங்ரிட் படித்துவிட்டு வந்து கேட்டார்: “வளர்மதி எந்த நிறுவனம்? அதை எழுதாமல் படிவம் போகாதே.”

“என் தம்பி மனைவி” என்றேன். “நான் தப்பாகச் சொன்ன அன்றைக்கே அவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்.”

“எந்தக் கருவியை வைத்து?”

டிசம்பரில் மறுபடி ஊருக்குப் போகிறேன். புதுப் பட்டைகள் பெட்டியில் இருக்கும். இந்தத் தடவை எந்தத் தண்ணீரை நல்லது என்று சொன்னாலும், வளர்மதி பார்க்க முதல் சொம்பு நான் குடிக்க வேண்டும். அதைச் சேகரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.